சபர் போகும் பிள்ளையும் வழியனுப்பும் ஜமாஅத்தும்

(நமது ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசலின் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் தொழுகையைப் பற்றியோ, ஜகாத்தைப் பற்றியோ, பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாமே நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டு, சபரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். காரணம் இதுதான். ஜும்ஆ நாளில் மிம்பரில் ஏறி நின்று பார்க்கும்போது முன்வரிசைகளில் முதியவர்கள் இருக்கிறார்கள். பின்வரிசைகளில் சிறுவர்கள் இருக்கிறார்கள். இடையில் நிற்கவேண்டிய இருபது முதல் ஐம்பது வயது வரையிலான ஆண்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை. இந்தப் பள்ளிக்குக் குளிர்சாதன வசதி செய்து தந்தவர்கள் அவர்கள்தாம். இங்கே தொழ வாய்ப்பில்லாதவர்களும் அவர்கள்தாம்.

போவது குற்றமா?

சபரைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "இங்கே இல்லாத ரிஸ்கா அங்கே இருக்கிறது? பேராசைதான் காரணம்" என்பது ஒன்று. "இந்த ஊரில் இருந்து உருப்பட்டவன் யார்? பாஸ்போர்ட் எடுத்தவன்தான் மனிதன்" என்பது மற்றொன்று. இரண்டும் அளவு கடந்த பேச்சுகள்.

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 615இல், மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாங்கமுடியாத நிலைக்குச் சென்றபோது, ஏறத்தாழ பதினைந்து பேர் கொண்ட சிறு கூட்டம் செங்கடலைக் கடந்து அபிசீனியாவுக்குப் போனது. அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி அன்று கிறிஸ்தவர். அவருடைய ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே அந்நாடு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். பின்னர் 622இல் நாயகம் (ஸல்) அவர்களே மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள். புறப்படும் வேளையில் மக்காவைத் திரும்பிப் பார்த்து, அதன் மீது தமக்குள்ள நேசத்தையும், விரட்டப்பட்டிராவிட்டால் அதை விட்டுச் செல்லவே மாட்டோம் என்ற உள்ளத்தையும் வெளிப்படுத்தினார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஊரை நேசிப்பதும் ஊரைவிட்டுப் போவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. போகிறவன் எல்லாம் ஊரை வெறுத்துப் போகிறவன் அல்லன்.

உயிருக்கும் ஈமானுக்கும் அஞ்சிப் போவது ஒரு வகை. பிழைப்புக்காகவும் வணிகத்துக்காகவும் போவது மற்றொரு வகை. குறைஷியரின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் குர்ஆனில் ஓர் அத்தியாயத்திலேயே நினைவுகூரப்படுகின்றன. கல்விக்காகப் போவது இன்னொரு வகை. நமது இமாம்களில் பிறந்த ஊரிலேயே இருந்து இமாம் ஆனவர்கள் எத்தனை பேர்? ஆகவே ஃபிக்ஹு நூல்களை எழுதிய பெருமக்கள், "ஏன் போகிறாய்?" என்று கேட்டதோடு நிற்கவில்லை. "எதை விட்டுப் போகிறாய்?" என்றும் கேட்டார்கள். மனைவி மக்களுக்குரிய ஜீவனாம்சத்துக்கு வழி செய்யாமல் போகலாகாது. தவணை வந்துவிட்ட கடனை வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் போகலாகாது. பயணம் கூடும், கூடாது என்பதைத் தீர்மானிப்பதில் வாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு என்பதே இதன் பொருள்.

நம் முன்னோர் ஏன் போனார்கள்?

சபர் நமக்குப் புதிதன்று. பினாங்கில் உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளி 1826இல் நிறுவப்பட்டது. அதை அடுத்து 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் அங்கே நாகூர் தர்காவும் எழுந்தது. கொழும்புக் கோட்டையை அடுத்த புறக்கோட்டையில் செந்நிறக் கற்பட்டைகளோடு நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளி 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. இவையெல்லாம் நமது கரையிலிருந்து போன வணிகர்களின் கைகளால் எழுந்தவை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர், கூத்தாநல்லூர் என்று எந்த ஊரை எடுத்தாலும், வீட்டுக்கு ஒரு ரங்கூன் கதையோ பினாங்குக் கதையோ இருக்கும்.

முதலில் போனவர்கள் வறுமையால் போனவர்கள் அல்லர். சொந்தக் கப்பலில் துணியும் மிளகும் பாக்கும் ஏற்றிச் சென்றவர்கள். பின்னர் ஆங்கிலேயக் கம்பெனியார் வணிகத்தைக் கைப்பற்றினர். ஆலைத்துணி வந்து கைத்தறித் துணியை வீழ்த்தியது. நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரக் கப்பல்களை வீழ்த்தின. கப்பல் உடையவராக இருந்தவரின் பேரன், பிறர் கப்பலில் பயணச்சீட்டு வாங்கிப் போகிறவன் ஆனான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அதே காலத்தில் ஐராவதி ஆற்றுப் படுகையில் காடுகள் திருத்தப்பட்டு நெல் வயல்கள் ஆகிக்கொண்டிருந்தன. மலாய் நாட்டில் தோட்டங்களும் துறைமுகங்களும் பெருகிக்கொண்டிருந்தன. இங்கே பசி தள்ளியது. அங்கே வேலை இழுத்தது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தாரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராக இருந்தனர் என்றால் அந்த இழுப்பின் வலிமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தள்ளுவதும் இழுப்பதும் மட்டும் போதா. வழிகாட்டும் ஒரு கையும் வேண்டும். நம்மவர்களுக்கு அந்தக் கை உறவின் கையாக இருந்தது. பினாங்கில் கடை வைத்த மாமா, அக்காள் மகனை அழைத்துக்கொண்டார். அவன் தன் மச்சானை அழைத்துக்கொண்டான். இப்படியே ஒரு தெரு முழுவதும் ஒரே கடைவீதிக்குப் போயிற்று. கடையில் சேர்ந்த பையனுக்குச் சம்பளம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அவனை ஏமாற்றினால் ஊரில் அவன் தாயின் முகத்தில் விழிக்கவேண்டும் என்ற அச்சம் முதலாளிக்கு இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

போனவர்கள் எல்லாரும் செழித்தார்களா? இல்லை. 1930இலும் 1938இலும் பர்மாவில் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். 1942இல் லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் கால்நடையாக இந்தியா நோக்கி நடந்தனர்; பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். போருக்குப் பின் திரும்பிப் போனவர்களை 1962இல் வந்த நீ வின்னின் இராணுவ ஆட்சி மீண்டும் வேரோடு பிடுங்கியது. கடைகள் அரசுடைமை ஆக்கப்பட்டன. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கப்பல் கப்பலாக மக்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். தமிழகத்துக்கு வந்து சேர்ந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அவர்களில் ஒருவர் நம் மஹல்லாவில் வாழ்ந்து மறைந்தார். ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடை கைவிட்டுப் போன நாளில் உள்ளே என்னென்ன சரக்கு இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அரிசி இத்தனை மூட்டை, கடலை எண்ணெய் இத்தனை டின், மைதா இத்தனை என்று ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கு. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமலேயே அவர் வஃபாத் ஆனார். அவருடைய மகன் 1978இல் சவூதிக்குப் போனார். பேரன் இப்போது துபாயில் இருக்கிறார். அபாயம் தெரியாமல் அந்தக் குடும்பம் மீண்டும் மீண்டும் போகவில்லை. தெரிந்தே போனது. ஏன் என்பதுதான் நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி.

இன்று ஏன் போகிறார்கள்?

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. வளைகுடா நாடுகளில் சாலைகளும் துறைமுகங்களும் நகரங்களும் எழத் தொடங்கின. கட்டுவதற்கு அங்கே ஆள் போதவில்லை. இங்கே ஆளுக்கு வேலை போதவில்லை. கிழக்கே போன சபர் மேற்கே திரும்பியது. கிழக்கே போவதும் நின்றுவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடு சென்று வாழ்வோர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று கணித்தது. அவர்கள் அதிகமாகச் சென்ற நாடுகளில் சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் முன்வரிசையில் இருந்தன.

இவை பெரிய கணக்குகள். நம் மஹல்லாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பயணம் சொல்லிக்கொள்ள வரும் பிள்ளைகளிடம், "ஏன் போகிறாய், தம்பி?" என்று நாம் கேட்பதுண்டு. "வயிற்றுக்கு இல்லை, ஹஜ்ரத்" என்று சொன்னவர்கள் மிகச் சிலர். வாப்பாவின் கடையில் ஒரு குடும்பத்துக்குத்தான் வருமானம், நாங்கள் மூன்று பேர் என்று சொன்னவர்கள் உண்டு. படித்த படிப்புக்கு இங்கே பன்னிரண்டாயிரம்தான் தருகிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. வாப்பாவின் ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க வேண்டும் என்றவர்கள் உண்டு. ஆனால் மிகுதியான பிள்ளைகள் சொன்ன பதில் இதுதான்: "தங்கச்சிக்குக் கல்யாணம் செய்ய வேண்டும்."

ஜமாஅத் பெருமக்களே! நிக்காஹ் என்பது மஹர் கொடுத்து மணமுடிப்பது. கொடுக்கவேண்டியவன் ஆண். அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, கைக்கூலி என்றும் சீர் என்றும் நகை என்றும் வீடு என்றும் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதன் விலையை மணமகள் வீட்டார் கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதைக் கொடுப்பவன், ஐம்பது டிகிரி வெயிலில் சாரத்தின் மேல் நிற்கும் அவளுடைய அண்ணன். தன் வாலிபத்தின் பத்து ஆண்டுகளை அவன் அதற்காகக் கொடுக்கிறான். அப்படிச் சம்பாதித்துத் தங்கையைக் கரையேற்றிவிட்டு ஊர் வரும் அந்த அண்ணனுக்கே பெண் பார்க்கும்போது, அவன் வீட்டாரும் கேட்கிறார்கள். அங்கே இன்னோர் அண்ணன் பாஸ்போர்ட் எடுக்கிறான். நம் பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்புவது வறுமை மட்டுமன்று; நாமும்தான்.

நாம் செய்த தவறு

இப்போது நம்மைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லவேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றே சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவன் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வந்து முஸாஃபஹா செய்தான். வளைகுடா நாடு ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். ஒரு ஏஜெண்ட் ஏற்பாடு செய்ததாம். உம்மாவின் நகையை அடகு வைத்தும் கைமாற்றாக வாங்கியும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கொடுத்திருந்தார்கள். "விமானம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டோம். "துணைக்கு யாரேனும் போகிறார்களா?" என்று கேட்டோம். அவன் கையைப் பிடித்து மனம் உருகி துஆச் செய்து அனுப்பினோம்.

அங்கே இறங்கிய பின் அவனுக்குக் கிடைத்தது லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. இரண்டு மாதம் கழிந்ததும் விசாக் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. முதலாளி கைவிரித்தார். ஏஜெண்டின் தொலைபேசி அணைந்துவிட்டது. தங்கியிருந்த ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறியது. நம்மூர்க்காரர்கள் சிலர் இடம் கொடுத்துச் சோறு போட்டார்கள். கடைசியில் இந்தியத் தூதரகத்தின் உதவியால் எட்டு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தான்.

வந்த மறுநாள் அவனுடைய வாப்பா நம்மைப் பார்க்க வந்தார். கையில் இரண்டு தாள்கள் இருந்தன. அவன் புறப்படும் முன்பே ஏஜெண்ட் கொடுத்தவை. இரண்டும் அரபியில் இருந்தன. வாங்கிப் படித்தோம். விசாத் தாளின் தலைப்பிலேயே "ஸியாரா" என்று இருந்தது. ஸியாரத் என்றால் என்னவென்று இங்கிருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும்; சென்று பார்த்து வருவது. அது விசிட் விசா. மற்றொரு தாளில் வேலை என்ற இடத்தில் "ஆமில் தஹ்மீல்" என்று இருந்தது. சுமை ஏற்றும் தொழிலாளி என்று பொருள். படித்துச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "அன்றைக்கே உங்களிடம் காட்டலாமா என்று நினைத்தோம், ஹஜ்ரத். உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டோம்" என்றார்.

ஏழு ஆண்டுகள் மதரஸாவில் அரபி ஓதினோம். இலக்கணம் ஓதினோம், தஃப்ஸீர் ஓதினோம், பெரும் பெரும் கிதாபுகளை ஓதினோம். அந்த இரண்டு சொற்களைப் படித்துச் சொல்ல நமக்கு இரண்டு நிமிடம் போதும். இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாமும் இன்னும் ஓரிருவரும்தான். அந்தப் பிள்ளை நம் எதிரில் நின்றான். நாம் கேட்கவில்லை. "தாளைக் காட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துஆ நம் வேலை, விசா நம் வேலை அன்று என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவேண்டும் என்று எத்தனையோ முறை மிம்பரில் பயான் செய்தவர்கள்தாம் நாம்.

முன்னர் உறவின் கையைப் பற்றிச் சொன்னோம். மாமா அழைத்துக்கொண்ட காலத்தில் ஏமாற்றுவதற்கு ஒரு தடை இருந்தது. இன்று அந்தக் கைக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஏஜெண்டின் கை வந்துவிட்டது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணையவழி மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தனர். நம் பாட்டனார்கள் கடை வைத்து வாழ்ந்த அதே பர்மாவுக்குத்தான் அவர்கள் கடத்தப்பட்டார்கள்.

சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசின் பதிவுச் சான்று பெற்றிருக்கவேண்டும். அவர் பெற்றிருக்கிறாரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும்தான். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. அவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அந்த அனுமதியைப் பெறவேண்டும். அப்படிச் செல்வோருக்கு, விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீடு உண்டு. விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவர் இந்தப் பாதுகாப்புகளையெல்லாம் தாமே கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கேட்டபோதே நமக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஆனால் உச்சவரம்பு ஒன்று இருக்கிறது என்பதே நம்மில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பின்னே இருப்பவர்கள்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் சென்றபோது, போருக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் புலம்பும் குரலைக் கேட்டார்கள். தம் மகளாரும் நபிகளாரின் துணைவியாருமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் விடை கூறப்பட்டதாக இரு அறிவிப்புகள் உள்ளன. அதன்படி வீரர்களைத் திருப்பி அழைக்கும் கால எல்லையைக் கலீஃபா வகுத்தார்கள். ஒரு பேரரசின் தலைவர் ஒரு பெண்ணின் தனிமையைக் கேட்டுச் சட்டத்தை மாற்றினார். நாம் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறை என்பதை இயல்பான ஏற்பாடாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்தப் பெண்ணிடம் கேட்டவர் யார்? அவள் மாமியார் வீட்டில் இருப்பதா, தாய்வீட்டில் இருப்பதா, அவள் செலவுக்குப் பணம் யார் கைக்கு வரவேண்டும் என்பதையெல்லாம் அவளைத் தவிர எல்லாரும் கூடித் தீர்மானிக்கிறோம். சமரசத்துக்காக ஜமாஅத்துக்கு வரும் குடும்பப் பிரச்சினைகளில் பல இங்கேதான் முளைக்கின்றன.

சொத்துப் பிரச்சினைகளும் அவ்வாறே. அனுப்பியவர் ஒருவர், பத்திரத்தில் பெயர் இன்னொருவர். பதினைந்து ஆண்டுகள் மூத்தவர் அனுப்பிய பணத்தில் வாப்பாவின் பெயரில் வீடு எழுகிறது. வாப்பா மவுத்தானதும் அது பாகப்பிரிவினைக்கு உரிய சொத்தாகிறது. மூத்தவர் "என் உழைப்பு" என்கிறார். இளையவர்கள் "வாப்பா சொத்து" என்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. பணம் வந்த நாளில் அது ஹிபாவா, கடனா, அமானத்தா என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் குறை. ஒரு வரி எழுதியிருந்தால், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பெருநாளன்று ஒருவரையொருவர் பாராமல் போகும் நிலை வந்திராது.

2024 ஜூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பற்றியதில் 45 இந்தியர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். அன்று இரவு நம் தெருவில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்தது என்பதை நாம் அறிவோம். மவுத் எங்கும் வரும். ஆனால் சபரில் இருப்பவர் மவுத்தானால், அவருக்கு யார் தரவேண்டும், அவர் யாருக்குத் தரவேண்டும் என்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை. கடனோடு இறந்த ஒருவருக்கு, அந்தக் கடனை அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வரை, நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழவைக்கவில்லை. கடன் அவ்வளவு கனமானது. ஆகவே வஸிய்யத் எழுதுவது வயதானவர்களின் வேலை என்று எண்ணாதீர்கள். இருபத்தைந்து வயதில் விமானம் ஏறுகிறவனுக்கும் அது கடமையை நிறைவேற்ற உதவும் ஏடு.

நம்மிடம் வந்தவர்கள்

சென்ற ஆண்டு நம் பள்ளியின் தரைக்குக் கல் பதித்தபோது வேலை செய்த பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவன் லுஹருக்குக் கடைசி ஸஃப்பில் வந்து நிற்பான். உர்தூவில் பேசிப் பார்த்தோம். பீகாரின் கிஷன்கஞ்ச் மாவட்டம் என்றான். ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் வந்தானாம். எதற்காக இவ்வளவு தூரம் என்று கேட்டோம். தங்கையின் திருமணம் என்றான்.

நம் பிள்ளைகள் அங்கே படும் துன்பங்களைச் சொல்லும்போது நம் கண்கள் கலங்குகின்றன. பாஸ்போர்ட்டைக் கஃபீல் வாங்கி வைத்துக்கொண்டார், மூன்று மாதச் சம்பளம் தரவில்லை, ஓர் அறையில் பன்னிரண்டு பேர் என்கிறோம். நம் ஊரில் கட்டட வேலை செய்யும் இந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓர் அறையில் படுத்திருக்கிறார்கள் என்று நாம் பார்த்தோமா? அவர்களுடைய ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் கடைகளும் நம் மஹல்லாவில் இல்லையா? சனிக்கிழமைக் கூலியைப் புதன்கிழமை தரும் பழக்கம் நம்மிடம் இல்லையா?

மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம், அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழியைக் கேட்டார்கள். அங்கே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தம் சொந்தக் காலில் நின்றார்கள். நாடு விட்டு வந்தவருக்குத் தேவை தர்மம் அன்று. திறந்த கடைவீதியும் குறையாத கூலியும்தான். நம் பிள்ளைகளுக்கு அங்கே நாம் விரும்புவதும் அதுவே. அதை இங்கே நாம் கொடுக்காமல், அங்கே கிடைக்கவேண்டும் என்று கையேந்துவது எப்படி?

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்

பொதுக்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இஷாவுக்குப் பின் பள்ளியின் அலுவலக அறையில் நாம் அமர்ந்திருப்போம். ஆங்கிலம் தெரிந்த பட்டதாரி ஒருவரும், வளைகுடாவில் நீண்ட காலம் இருந்து திரும்பிய பெரியவர் ஒருவரும் உடனிருக்க இசைந்துள்ளார்கள். பணம் கொடுக்கும் முன் விசாவையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவந்து காட்டுங்கள். படித்துச் சொல்வோம். ஏஜெண்டின் பதிவை இணையதளத்தில் பார்த்துச் சொல்வோம். இதற்குக் கட்டணம் இல்லை, தொந்தரவும் இல்லை.

இரண்டு: சட்டப்படி உள்ள கட்டணத்துக்கு மட்டும் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தரப்படவேண்டும். விசிட் விசாவில் வேலைக்குப் போவதற்கு ஒரு ரூபாயும் தரக்கூடாது. ஏமாந்து திரும்பியவருக்கு இங்கேயே தொழில் தொடங்கவும் அதே கடன் தரப்படவேண்டும். திரும்பி வருவது கேவலம் அன்று. அது கேவலம் என்று நாம் பேசுவதாலேயே எத்தனையோ பிள்ளைகள் துன்பத்தில் கிடந்தும் வாய் திறவாமல் இருக்கிறார்கள்.

மூன்று: வெளிநாட்டில் இருக்கும் மஹல்லாவாசிகளின் பதிவேடு ஒன்று வேண்டும். பாஸ்போர்ட் நகல், வேலை செய்யும் நிறுவனத்தின் முகவரி, உடனிருப்பவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கவேண்டும். வஸிய்யத்தும், அனுப்பும் பணத்தின் தன்மை பற்றிய ஒரு வரியும் வீட்டாரிடம் எழுத்தில் இருக்கவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதித் தருவோம்.

நான்கு: கைக்கூலி வாங்கும் திருமணத்துக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரைக் கொடுப்பதில்லை என்று இந்தப் பொதுக்குழு தீர்மானிக்கவேண்டும். இது கடினம் என்பது நமக்குத் தெரியும். மற்ற மூன்றும் போகிறவனைக் காப்பாற்றும். போகவேண்டிய கட்டாயத்தைக் குறைப்பது இந்த நான்காவதுதான். நிர்வாகிகள் தங்கள் வீட்டிலிருந்து தொடங்கினால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். ஊர் வந்தபின் இரண்டு ஆண்டுகள் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்துக் கடனை அடைத்தான். உம்மாவின் நகையை மீட்டான். சென்ற மாதம் மீண்டும் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தான். போகாதே என்று நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. தாளை வாங்கிப் படித்தோம். வேலை விசா. தொழில் என்ற இடத்தில் "அமீன் முஸ்தவ்தஃ" என்று இருந்தது. சரக்கறைப் பொறுப்பாளர் என்று பொருள். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, விமானச் சீட்டு எல்லாவற்றையும் அவனுடைய உம்மாவுக்கும் கேட்கும்படி வாசித்துச் சொன்னோம். ஏஜெண்டின் பதிவைச் சரிபார்த்தோம். அதன் பிறகுதான் கையேந்தி துஆச் செய்தோம்.

யா அல்லாஹ்! போன பிள்ளைகளைப் பாதுகாத்து அருள்வாயாக. அவர்களுடைய உழைப்பில் பரக்கத் செய்வாயாக. அவர்களைப் பிரிந்திருப்போருக்கு மன அமைதி தருவாயாக. நம்மை நாடி வந்தவர்களுக்கு நீதி செய்பவர்களாக எங்களை ஆக்குவாயாக. போக விரும்புகிறவர் விருப்பத்தோடு போகவும், இருக்க விரும்புகிறவர் கண்ணியத்தோடு இருக்கவும் ஏற்ற ஊராக எங்கள் ஊரை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.